பூத்தது யாருக்காக?

இளவேனில் வந்துவிட்டது, மரமெல்லாம் மலர்ந்துவிட்டது, ஒரு மாலைப் பொழுது பூங்காவில் உலவி வருவோம் வாருங்கள் என்று அழைத்தால், நம் ஆலைத் தோழர் என்ன சொல்வார்?

"பூங்காவா! நல்ல வேடிக்கை! விடிவதற்குள் சங்கு ஊதுகிறது, ஓடுகிறோம். அந்தி மயங்கிய பிறகு வீடு திரும்புகிறோம். கையிலே எண்ணெய்க் கறை, கண்ணிலே தூக்கம், வாசலிலே கடன்காரன். பூப் பார்ப்பதெல்லாம் பொழுது போகாத சீமான்களுக்கு!"

கேலியாகச் சொல்லவில்லை அவர், நொந்து சொல்கிறார். அந்த நோவை நாம் அறிவோம். ஆனால், தோழர்களே, அந்தச் சொல்லை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பசிக்குச் சோறு கேட்பது உரிமை என்றால், களைப்புக்கு நிழல் கேட்பதும் உரிமை. கூலி உயர்வு கேட்பது உரிமை என்றால், கூலியோடு வீடு திரும்புகிறவன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கி ஒரு பூவைக் காட்டுவதும் உரிமை. பூப்பது மரத்தின் இயல்பு. பார்ப்பது மனிதனின் உரிமை. இடையிலே வேலி போட்டவன் எவன்? வேலியைப் பிடுங்கியவன் எவன்? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

பேசுவதற்கேற்ற இடம் ஒன்று இருக்கிறது. சற்றுத் தொலைவு, நியூயார்க் நகரம். கடவுச் சீட்டு வேண்டாம், கப்பல் கட்டணம் வேண்டாம்; இந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு வாருங்கள், போதும்.

நியூயார்க் என்றதும் வானை முட்டும் மாளிகைகள்தாம் நினைவுக்கு வரும். வாணிபக் கோமான்களின் கோட்டை அது. கையகல நிலத்துக்கும் கோடி பேசும் ஊர் அது. அந்த ஊரின் நட்ட நடுவே, மன்ஹாட்டன் தீவின் நெஞ்சிலே, 843 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது சென்ட்ரல் பார்க். நீளம் இரண்டரை மைல். அகலம் அரை மைல். 59ஆம் தெருவில் தொடங்கி 110ஆம் தெருவில் முடிகிறது. உள்ளே நுழையச் சீட்டு உண்டா? இல்லை. கட்டணம் உண்டா? காலணா இல்லை!

குளிர்காலத்திலே அந்த மரங்களைப் பார்த்தால் இரக்கம் பிறக்கும். ஓர் இலை இராது. எலும்புக் கூடுகள் வரிசையாய் நிற்பதுபோல் நிற்கும். ஏரி உறைந்து கிடக்கும். மண்மீது பனி மூடிக் கிடக்கும். பங்குனி பிறக்கட்டும், காட்சி மாறும்! பனி உருகிய ஈர மண்ணைக் கீறிக்கொண்டு மஞ்சள் நிற டஃபோடில் எட்டிப் பார்க்கும். இலை துளிர்ப்பதற்கு முன்பே, வெறுங் கிளையிலே வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் மக்னோலியா மலரும். அடுத்து, நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செர்ரி மரங்கள் பூக்கும். பூக்கும் என்றா சொன்னோம்? மரமே மறைந்து மலர் மட்டும் நிற்கும்! காற்று அசைந்தால் இதழ் மழை. சித்திரையும் வைகாசியும் நம்மை அக்கினி வெயிலில் வறுத்தெடுக்கும் நாளில், அங்கே லைலாக் மணக்கும், டியூலிப் சிரிக்கும்.

சரி, உள்ளே போவோம். எந்த வாயில் வழியாக?

இங்கேதான் முதல் வியப்பு. 1862ஆம் ஆண்டிலே இந்தப் பூங்காவின் வாயில்களுக்குப் பெயர் சூட்டினார்கள். அரசன் பெயரா வைத்தார்கள்? ஆளுநர் பெயரா? நன்கொடை நல்கிய சீமான் பெயரா? இல்லை! உழவர் வாயில் என்று ஒன்று. சுரங்கத் தொழிலாளர் வாயில் என்று ஒன்று. மரம் வெட்டுவோர் வாயில், மாலுமிகள் வாயில், பொறியாளர் வாயில், பெண்கள் வாயில், குழந்தைகள் வாயில். எங்கிருந்தோ பிழைக்க வந்தவனுக்கும் ஒரு வாயில். அயலார் வாயில் என்று அதற்குப் பெயர்! வணிகருக்கும் ஒன்று உண்டு, மறுக்கவில்லை; ஆனால் அது பலவற்றுள் ஒன்று, அவ்வளவே.

நாம் நுழைய வேண்டிய வாயில் எது என்று சொல்லவும் வேண்டுமா? தெற்கே, 59ஆம் தெருவில், ஏழாம் அவென்யூ வந்து முட்டும் இடத்தில் இருக்கிறது கைவினைஞர் வாயில். கையால் உழைப்பவனின் வாயில். தலை நிமிர்ந்து நுழையுங்கள்!

நுழைந்ததும் பாறை, சரிவு, குளம், சோலை. "ஆகா, இயற்கையின் எழில்!" என்று மெய்மறந்து நிற்பீர்கள். நில்லுங்கள், ஆனால் ஏமாறாதீர்கள். இயற்கை தந்தது அந்தப் பாறையை. மற்றதில் பெரும்பாலானவை மனிதன் கைவேலை. அந்த ஏரி வெட்டப்பட்ட ஏரி. வடக்கே போனால் சலசலத்து ஓடும் ஓடையும் சிற்றருவியும் காண்பீர்கள். அவற்றுக்கு நீர் வருவது நகரத்துக் குழாயிலிருந்து!

இந்தப் பூங்காவைத் திட்டமிட்டவர் இருவர்: ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ். 1858இல் நடந்த போட்டியிலே அவர்கள் தீட்டிய திட்டம் வென்றது. ஓம்ஸ்டெட் அதற்கு முன் ஒரு பத்திரிகை எழுத்தாளர். அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களில் அலைந்து, அதன் கேட்டை எழுதி வந்தவர். 1850இல் இங்கிலாந்திலே பிர்க்கன்ஹெட் பூங்காவைக் கண்டார். ஏழையும் செல்வனும் ஒரே புல்வெளியில் உலவக் கண்டு வியந்தார். அந்த வியப்பிலே விழுந்த விதைக்கும் இந்தச் சோலையில் பங்குண்டு.

திட்டம் தாளிலே இருந்தது. அதைத் தரையிலே நிறைவேற்றியவர் யார்? ஏறத்தாழ 20,000 உழைப்பாளிகள். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூலிகள், ஜெர்மானியத் தோட்டக்காரர், கல்தச்சர். 1857இல் அமெரிக்காவிலே வாணிப நெருக்கடி, ஆலைகள் மூடின, வேலையிழந்தோர் நியூயார்க் வீதியிலே திரண்டு "வேலை கொடு!" என்று முழங்கினர். அந்த முழக்கத்துக்குப் பிறகு பூங்கா வேலைக்கு ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். பாறையை வெடி வைத்துப் பிளந்தனர். ஏறத்தாழ 30 இலட்சம் கன கெஜம் மண்ணை அப்புறப்படுத்தினர். 2,70,000க்கு மேற்பட்ட மரங்களும் செடிகளும் நட்டனர்.

கட்டியவன் உழைப்பாளி. அனுபவித்தவன்? அதையும் கேளுங்கள்! முதல் பத்தாண்டில் பூங்காவுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் குதிரை வண்டியிலே வந்தவர்கள். வண்டி வைத்திருக்க வசதி படைத்தோர் அந்நகர மக்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சனிக்கிழமை பிற்பகலிலே இசை நிகழ்ச்சி. வாரம் ஆறு நாளும் வேலை செய்பவன் சனிக்கிழமை எங்கே வருவான்? கூட்டமாய் அமர்ந்து சோறுண்ணத் தடை. சிறு வியாபாரி தன் சரக்கு வண்டியிலே பெண்டு பிள்ளைகளை ஏற்றிவரத் தடை. சிறுவன் பந்தாட வேண்டுமென்றால் பள்ளித் தலைமையாசிரியரிடம் சீட்டு வாங்கி வர வேண்டும்! வாயிலுக்கு உழவன் பெயர். வாயிலுக்குள்ளே உழைப்பவனுக்கு ஆயிரம் விதி. பெயர் வைப்பது எளிது தோழர்களே, வழி விடுவதுதான் கடினம்!

உழைப்பாளி வாளாவிருந்தானா? இல்லை. "எமக்கு ஓய்வு ஞாயிறன்று, எமக்கு இசையும் ஞாயிறன்று வேண்டும்" என்று கேட்டான். ஓயாமல் கேட்டான். 1880களிலே ஞாயிற்றுக்கிழமை இசை நிகழ்ச்சி வந்தது. அது அருளியதன்று, கேட்டுப் பெற்றது.

இதோ, நம் எதிரே பரந்த புல்வெளி. செம்மறிப் புல்வெளி என்று பெயர். 1934 வரை இங்கே உண்மையாகவே செம்மறி ஆடுகள் மேய்ந்தன. குளிர்காலத்திலே இதை மூடிவிடுவர், புல் இளைப்பாறட்டும் என்று. ஏப்ரல் நடுவிலே திறப்பர். புல்லுக்கே ஓய்வு உண்டு, பார்த்தீர்களா? திறந்த அன்று பாருங்கள் கூட்டத்தை! மேலங்கியைக் கழற்றி எறிந்து வெயிலிலே மல்லாந்து கிடப்பார்கள். நமக்கு வெயில் பகை; அவர்களுக்கு அரை ஆண்டு கழித்து வீடு திரும்பிய உறவினன்.

இதே புல்வெளியிலே, 1967 ஏப்ரல் 15ஆம் நாள், இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பூப் பார்க்க அல்ல. வியட்நாம் போரை நிறுத்து என்று முழங்கிக்கொண்டு ஐ.நா. மன்றம் நோக்கி அணிவகுத்தனர். முன்னணியிலே நடந்தவர் மார்ட்டின் லூதர் கிங். அடுத்த ஆண்டு, 1968 ஏப்ரல் 4இல், அந்த மாவீரர் சுடப்பட்டு வீழ்ந்தார். மூன்று கிழமை கழித்து, ஏப்ரல் 27ஆம் நாள், இதே புல்வெளியில் போர் எதிர்ப்புக் கூட்டத்தின் முன் பேச வந்து நின்றார் அவர் துணைவியார் கொரெட்டா. கண்ணீர் உலராத கண், தளராத குரல்! பூங்கா என்றால் பூ மட்டும் மலரும் இடமென்று எண்ணாதீர்கள், கருத்தும் மலரும்.

அந்த 1968ஆம் ஆண்டை நாமும் மறக்கவொண்ணாது. நம் அண்ணா, அந்த ஆண்டிலே யேல் பல்கலைக் கழகத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்றார். அதே ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் சென்றார், நோயாளியாக. அறுவை சிகிச்சை நடந்த மெமோரியல் மருத்துவமனை, இந்தப் பூங்காவின் கிழக்கு எல்லையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கொஞ்சம் நின்று, பிறகு நடப்போம்.

புல்வெளியின் மேற்கு ஓரம், 67ஆம் தெருப் பக்கம் வாருங்கள். 1956 ஏப்ரல். பூங்காத் துறையைக் கையில் வைத்திருந்தவர் ராபர்ட் மோசஸ். நகரமே அவர் பெயர் கேட்டு நடுங்கிய காலம். பிள்ளைகள் விளையாடும் இடத்தை அழித்து, பக்கத்து உணவகத்துக்குக் கார் நிறுத்துமிடம் ஆக்கத் திட்டமிட்டார். தாய்மார்கள் எதிர்த்தனர். ஏப்ரல் 24ஆம் நாள், ஊர் உறங்கும் வேளையில், வேலி போட ஆட்களை அனுப்பினார். விடிந்தால் மண் தள்ளும் எந்திரம்! கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாய் வந்து நின்றனர் தாய்மார்கள். வழக்கு மன்றமும் ஏறினர். ஏடுகள் எழுதின, ஊர் சிரித்தது, அந்த ஆண்டு ஜூலையிலே மோசஸ் பணிந்தார். கார் நிற்கவிருந்த இடத்திலே குழந்தைகள் விளையாட்டுத் திடல் எழுந்தது. வசதி படைத்த பேட்டைத் தாய்மார்கள்தாம் அவர்கள். அதனால் குரல் எடுபட்டது என்றும் சொல்லலாம். ஏன் இதைச் சொல்கிறோம் என்பது சிறிது நேரத்தில் விளங்கும்.

கிழக்கே திரும்பினால் எல்ம் மரச் சாலை. இரு புறமும் நெடிதுயர்ந்த மரங்கள், மேலே கைகோத்துப் பந்தல் போட்டிருக்கின்றன. அந்தப் பந்தலிலே இளந்தளிர் அரும்பும் நாளிலே கீழே நடந்தால், பச்சை ஒளி சட்டைமேல் சொட்டும்! இந்தச் சாலையோரச் சிலைகளிலே ஒன்றை மட்டும் பார்த்துச் செல்வோம். பெண்ணுரிமைக்குப் போராடிய மூவர் சிலை. அவருள் ஒருவர் அடிமையாய்ப் பிறந்து விடுதலை முழக்கமிட்ட சோஜர்னர் ட்ரூத். வைத்த ஆண்டு 2020. அதற்கு முன், கற்பனைப் பெண்களுக்கு அந்தப் பூங்காவிலே சிலை இருந்தது. உண்மையிலே வாழ்ந்த பெண்ணுக்கு ஒன்றுகூட இல்லை!

சாலை முடிவிலே நீரூற்று. உச்சியிலே சிறகு விரித்த தேவதை. தேவதை என்றதும் நம் பகுத்தறிவுத் தோழர் புருவம் நெறிப்பார். பொறுங்கள்! அந்தத் தேவதை கொண்டாடுவது எதைத் தெரியுமா? குழாய்த் தண்ணீரை! 1832இலே காலரா வந்து அந்நகரை வாட்டியது. 1842இலே குரோட்டன் ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தனர். அந்தத் தண்ணீரின் நினைவாக, எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் சிற்பி வடித்த சிலை அது, 1873இலே திறக்கப்பட்டது. நோய் தீர்த்தது தேவதையின் சிறகல்ல, பொறியாளரின் குழாய்! வணக்கம் சொல்வதானால் அந்தக் குழாய்க்குச் சொல்லுங்கள்.

ஏரிக்கு அப்பால் ராம்பிள் என்னும் அடர் சோலை. இளவேனிலிலே வடக்கு நோக்கிப் பறக்கும் பறவைகள், கற்கோட்டையான நகரின் நடுவே இந்தப் பச்சையைக் கண்டு இறங்கும். 200க்கு மேற்பட்ட பறவையினங்களை இப்பூங்காவில் கண்டிருக்கிறார்கள். கண்ணாடியும் கையுமாய்க் காத்து நிற்பார்கள் அன்பர்கள். 2020 மே 25ஆம் நாள், அப்படிப் பறவை பார்க்க வந்த கறுப்பினத்தவர் ஒருவர், அங்கே நாயை அவிழ்த்து விட்டிருந்த வெள்ளைப் பெண்மணியிடம், விதிப்படி கட்டிப் பிடியுங்கள் என்றார். அந்த அம்மாள் என்ன செய்தார்? "ஒரு கறுப்பர் என்னை மிரட்டுகிறார்" என்று போலீசுக்குத் தொலைபேசினார்! அதே நாளில்தான் மினியாபொலிஸ் நகரிலே ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத் தோழர் போலீஸ்காரரின் முழங்காலின் கீழ் மூச்சடங்கினார். பறவைக்கு எல்லை இல்லை. அதைப் பார்ப்பவனின் தோலுக்கு இருக்கிறது!

இந்தக் கொடுமையின் வேரைத் தேடி மேற்கே நடப்போம். 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட இடம். மாலுமிகள் வாயில் அருகே. அமைதியான மேடு, மர நிழல், புல். உட்காருங்கள், பயணத்தின் நோக்கமே இந்த இடம்தான்.

இங்கே ஓர் ஊர் இருந்தது. செனெகா வில்லேஜ் என்று பெயர். 1825ஆம் ஆண்டு ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயது கறுப்பின இளைஞர், 125 டாலர் கொடுத்து இங்கே மூன்று மனை வாங்கினார். அவர் தொழில் என்ன தெரியுமா? தெருவிலே அமர்ந்து பிறருடைய காலணிக்கு மெருகிடுவது! நியூயார்க் மாநிலத்திலே அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1827இல். அதற்கு ஈராண்டு முன்பே, காலணி துடைத்த கை, நிலத்துக்குச் சொந்தக் கையாயிற்று! அவரைத் தொடர்ந்து பலர் வந்தனர். வீடு எழுந்தது, பள்ளி எழுந்தது, மூன்று மாதா கோயில்கள் எழுந்தன. பின்னர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளும் குடியேறினர். 1855இலே ஏறத்தாழ 225 பேர் அங்கே வாழ்ந்தார்கள்.

நிலம் ஏன் அவ்வளவு பெரிது? சோறு போடும் என்பதற்காக மட்டும் அல்ல. 1821ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டத்திலே ஒரு சூது வைத்தார்கள். வெள்ளை ஆணுக்குச் சொத்து இல்லாவிட்டாலும் வாக்குரிமை. கறுப்பின ஆணுக்கு 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் வாக்குரிமை! ஆக, அந்த மண் வெறும் மண்ணல்ல, வாக்குச் சீட்டு! மனிதன் என்பதற்கான முத்திரை!

அந்த மண்ணைத்தான் எடுத்தார்கள். 1853இலே சட்டம். ஏடுகள் எழுதின, அங்கிருப்போர் புறம்போக்கில் குந்தியவர்கள் என்று, குப்பைமேட்டுக் கும்பல் என்று! பட்டா வைத்திருந்தவனைப் பார்த்துப் பராரி என்றார்கள்! ஆண்ட்ரூ வில்லியம்ஸ் தம் வீட்டுக்கும் மனைகளுக்கும் 3,500 டாலர் கேட்டார், தந்தது 2,335. 1857இலே ஊர் துடைக்கப்பட்டது. பூங்காவுக்காக வெளியேற்றப்பட்டோர் மொத்தம் ஏறத்தாழ 1,600 பேர். செனெகாவின் மக்கள் சிதறினர். வாக்குரிமை தந்த மண் போயிற்று. சொத்துத் தடை நீங்கி வாக்குரிமை வர, அரசியல் சட்டத்தின் 15ஆம் திருத்தம் வரை, 1870 வரை, காத்திருந்தனர் அம்மாநிலக் கறுப்பின மக்கள்.

1956இலே தாய்மார்கள் தடுத்து நின்றபோது எந்திரம் நின்றது. 1857இலே நிற்கவில்லை. ஏன்? அங்கே தாய்மார்கள் இல்லையா? அழும் குழந்தை இல்லையா? இருந்தார்கள். அவர்கள் குரலை ஏந்திச் செல்ல ஓர் ஏடு இல்லை. அவர்கள் சொல்லுக்கு ஓர் எடை இல்லை. அவர்கள் தோலின் நிறம் வேறு. அவ்வளவுதான் வேறுபாடு!

ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த ஊரின் பெயரைக்கூடப் பேசவில்லை பூங்கா. 2001இலே நினைவுப் பலகை வைத்தார்கள். 2011இலே ஆராய்ச்சியாளர் தோண்டினர். வீட்டு அடித்தளம் வந்தது, உடைந்த கிண்ணம் வந்தது, ஒரு சிறு காலணி வந்தது. புல்லைப் போட்டு மூடினாலும் உண்மை முளைக்கும்!

இங்கே நம் தோழர் கேட்பார்: "அப்படியானால் இந்தப் பூங்காவே அநீதியின் மீது பூத்ததா? இதை வெறுக்க வேண்டாமா?"

வேண்டாம் தோழரே! பூ செய்த குற்றம் ஒன்றும் இல்லை. பூங்கா வேண்டும், ஏழையின் வீட்டை இடித்து எழுப்பும் வழக்கம் வேண்டாம். பொது நன்மை என்று சொல்லும்போதெல்லாம், "விலை கொடுப்பவன் யார்?" என்று கேட்கும் நெஞ்சு வேண்டும். மாளிகைகள் இருந்த பக்கம் போகாத அளவுகோல், குடிசை இருந்த பக்கம் மட்டும் போனது ஏன் என்று கேட்கும் வாய் வேண்டும். கேட்கத் தெரிந்தவனுக்கே பூப் பார்க்கும் தகுதியும் முழுதாய் உண்டு என்போம் நாம்.

எழுந்து வடக்கே நடப்போம். நீர்த்தேக்கத்து ஓரம், செர்ரி இதழ் உதிர்கிறது. வண்டிச் சத்தம் இல்லை. 2018 முதல் பூங்காச் சாலைகளிலே கார்களுக்குத் தடை. ஒரு காலம் வண்டி வைத்திருந்தவனுக்கே உரியதாய் இருந்த சாலை, இன்று நடக்கிறவனுக்கு! ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி முறை மனிதக் கால்கள் இங்கே நுழைகின்றன என்று கணக்கிடுகிறார்கள். கிழவர்கள் பலகையிலே சாய்ந்திருக்கிறார்கள். யாரோ ஒரு கூலிக்காரத் தந்தை, பிள்ளையைத் தோளிலே தூக்கிக் கிளையைக் காட்டுகிறார்.

110ஆம் தெருவுக்கு வந்துவிட்டோம். ஹார்லெம் பேட்டை எதிரே. இங்கே புதிய வாயில் ஒன்று. 1989 ஏப்ரலில் இப்பூங்காவிலே ஒரு பெண் கொடுமையாய்த் தாக்கப்பட்டாள். கறுப்பினச் சிறுவர் நால்வர், லத்தீன் அமெரிக்க வழியினன் ஒருவன், 14 முதல் 16 வயது வரை உள்ள ஐவரைப் பிடித்துச் சிறையிலே தள்ளினர். 2002இலே உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டான்; ஐவரும் குற்றமற்றவர் என்று விடுவித்தது நீதிமன்றம். இளமையின் வசந்தத்தைத் திருப்பித் தரும் நீதிமன்றம் எங்கே உண்டு? 2022 டிசம்பரிலே இந்த வாயிலுக்குப் பெயர் பொறித்தார்கள்: குற்றமற்றோர் எனத் தெளிந்தோர் வாயில்.

கைவினைஞர் வாயிலிலே நுழைந்தோம்; குற்றமற்றோர் வாயிலிலே வெளியேறுகிறோம். இந்த இரண்டரை மைல் நடையிலே கண்டது இதுதான்: பூ தானாக மலரும், வாயில் தானாகத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இசை கேட்டுப் பெற்றது. விளையாட்டுத் திடல் நின்று பெற்றது. செனெகாவின் பெயர் தோண்டிப் பெற்றது.

ஆகவே, ஆலைத் தோழரே! அடுத்த விடுமுறை நாளிலே, வீட்டாரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள பூங்காவுக்குப் போய் வாருங்கள். மரத்தடியில் அமருங்கள். பிள்ளைக்குப் பூவைக் காட்டுங்கள். "இது யாருக்காகப் பூத்தது, அப்பா?" என்று அது கேட்கும்.

"நமக்காகத்தான்" என்று சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள்.